மஞ்சள் சுவரும் இரண்டு நிற முகமும்

கடலூரில் இருக்கும் என் அக்காவின் மகளை மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில் புதுச்சேரிக்கு அழைத்துச் சென்று, டூமாஸ் வீதியில் ஒரு மதிலோரம் நிறுத்தி அறுபது எழுபது படங்கள் எடுத்தேன். காலை ஒன்பது மணி. நேர்வெயில் அவள்மீது படவில்லை. எதிர்ப்பக்கத்து மஞ்சள் சுவரில் வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. உருவப்படத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை என்று நினைத்தேன். வீட்டில் படங்களைப் பார்த்த அக்கா, "என்னடா, புள்ளைக்குக் காமாலை வந்தாப்புல இருக்கு?" என்று கேட்டார்.

கணினியில் நிற வெப்பநிலைச் சறுக்கியை, அதாவது படத்தை மஞ்சளுக்கோ நீலத்துக்கோ சாய்க்கும் நகர்பொத்தானை, நீலப் பக்கம் நகர்த்தினேன். கன்னம் சரியானபோது நெற்றி சாம்பல் பூத்தது. நெற்றியைச் சரிசெய்தால் கன்னத்தில் மறுபடியும் மஞ்சள் ஏறியது. அன்றைய படங்கள் எல்லாவற்றிலும் இதே கதைதான். கேமரா பழுதாகவில்லை; அந்த முகத்தின்மீது ஒரே நேரத்தில் இரண்டு நிற ஒளிகள் விழுந்திருந்தன என்பதே உண்மை.

ஒன்று வானத்தின் ஒளி. காற்றின் மூலக்கூறுகள் குறுகிய அலைநீள ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கின்றன. சிதறலின் அளவு அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமைவதால், 450 நானோமீட்டர் நீல ஒளி 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு சிதறுகிறது. ஆகவே நிழலில் நிற்பவரின் உச்சந்தலைக்கும் நெற்றிக்கும் மேலிருந்து வருவது நீலம் கலந்த ஒளி. மற்றொன்று சுவரின் ஒளி. டூமாஸ் வீதி இருக்கும் ஒயிட் டவுன் என்ற பழைய பிரெஞ்சுப் பகுதியின் முக்கிய வீதிகள் பல கடற்கரைக்கு இணையாக, ஏறத்தாழ வடக்கு தெற்காக ஓடுவதால், காலையில் கிழக்கு நோக்கிய சுவர்கள் சூரியனை நேராகப் பார்க்கின்றன. மார்ச் மூன்றாம் வாரத்தில் காலை ஒன்பது மணிக்குப் புதுச்சேரியில் சூரியன் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 40 பாகையில் இருக்கும். அப்போது நேர்வெயிலின் வலிமையில் முக்கால் பங்கு அந்தச் சுவரின்மீது விழுகிறது. அந்தச் சுவர் அப்போது ஒரு விளக்கு. நண்பகலில் வெயில் அதைத் தொடுவதேயில்லை என்பதால் அந்த விளக்கு அணைந்துவிடும்.

மஞ்சள் பூச்சு செய்வது ஒன்றுதான்: நீலத்தை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. கணக்குக்காக, விழும் சிவப்பில் நூற்றுக்கு 70 பங்கையும் நீலத்தில் 20 பங்கையும் ஒரு சுவர் திருப்பி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். சிவப்பு நீலத்தைப் போல மூன்றரை மடங்காகிறது. குறுகிய வீதியில் அதே ஒளி எதிரிலுள்ள மஞ்சள் மதிலில் இன்னொரு முறை பட்டுத் திரும்பினால் சிவப்பு 49, நீலம் 4. விகிதம் பன்னிரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. இருபுறமும் மஞ்சளாக உள்ள வீதியில் நிழல்கூட மஞ்சளேறிக் கிடப்பதற்கு இதுவே காரணம்.

அங்கே நின்றபோது இது என் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை? சூழலின் ஒளி எந்த நிறத்தை நோக்கிச் சாய்ந்தாலும், விழித்திரையிலுள்ள மூவகைக் கூம்பு செல்களும் தத்தம் உணர்திறனைத் தனித்தனியே ஏற்றியும் இறக்கியும் அந்தச் சாய்வைப் பெருமளவு நீக்கிவிடுகின்றன. ஜெர்மானிய உடலியலாளர் யோகன்னஸ் ஃபொன் கிரீஸ் 1902இல் முன்வைத்த கருத்து இது. வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறங்களைச் சரிசெய்யும் கேமராவின் ஒயிட் பேலன்ஸும் அடிப்படையில் இதே வேலையைத்தான் செய்கிறது: சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று எண்களையும் மூன்று பெருக்கெண்களால் பெருக்குகிறது. ஆனால் படம் முழுவதற்கும் பெருக்கெண்கள் ஒரே தொகுதிதான். கன்னத்துக்குரிய எண்ணை நெற்றிக்கும் போட்டால் நெற்றி நீலமாகாமல் வேறென்ன ஆகும்?

தூரிகை கொண்டு நெற்றியை மட்டும் தனியே திருத்தலாமே என்று கேட்கலாம். திருத்தலாம்; நானும் ஓர் இரவு முழுவதும் அதைச் செய்து பார்த்தேன். இரண்டு ஒளிகளும் கோடு கிழித்தாற்போலப் பிரிவதில்லை. மூக்கின் பக்கவாட்டிலும் தாடையின் வளைவிலும் ஒவ்வொரு புள்ளியிலும் வெவ்வேறு விகிதத்தில் கலக்கின்றன. இதைவிடப் பெரிய இடைஞ்சல் கேமராவுக்குள் ஒளியை உணரும் சென்சாரில் இருக்கிறது. பிரைஸ் பேயர் வடிவமைத்து 1976இல் காப்புரிமை பெற்ற நிற வடிகட்டி அமைப்பையே பெரும்பாலான கேமராக்கள் இன்றும் கையாளுகின்றன. அதில் பாதிக் கட்டங்கள் பச்சைக்கும், கால்வாசி மட்டும் நீலத்துக்கும் உரியவை. நம் தோலிலுள்ள மெலனின் நீலத்தையே அதிகம் உறிஞ்சும். ஏற்கெனவே மெலிந்த நீலத்தை மஞ்சள் சுவர் மேலும் மெலிய வைத்துவிட்டால், பின்னர் அதைப் பெருக்கும்போது ஒளியோடு சேர்ந்து இரைச்சலும் பெருகுகிறது. கன்னத்தில் புள்ளி புள்ளியாக மணல் தூவினாற்போலத் தெரிவது அதுதான். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் எடுத்திருந்தாலும் விழாத ஒளியை அது தராது.

ஆகவே அடுத்த மாதம் மென்பொருளை விட்டுவிட்டு ஒரு நாலு முழ வெள்ளை வேட்டியை எடுத்துக்கொண்டு அதே இடத்துக்குப் போனோம். வேட்டியை எங்கே பிடிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நிழலுக்குள் பிடித்தால் சுவரின் மஞ்சளையே அது வாங்கித் திருப்பித் தரும். வெயிலில் பிடித்தால் வெள்ளை வெயில் வரும். சூரியன் 40 பாகையில் இருக்கும்போது 3 மீட்டர் மதிலின் நிழல் தரையில் மூன்றரை மீட்டருக்குச் சற்று அதிகமாக நீளும். ஆனால் முகமளவு உயரத்தில் நிழலின் அகலம் அதில் பாதிதான். ஆகவே அவள் மதிலிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் நின்றாள். மதிலிலிருந்து 3 மீட்டர் தள்ளி நின்ற மைத்துனர் வேட்டியை விரித்துத் தூக்கிப் பிடித்தபோது அதன்மீது வெயில் நன்றாகவே விழுந்தது. முகத்தின் பார்வையில் எதிர்ச்சுவரின் பெரும்பகுதியை வேட்டி மறைத்தது. பரப்புப் பெரிதாகவும் அருகிலும் இருந்ததால் நிழல்விளிம்புகளும் மென்மையாயின. அக்கா சொட்டு நீலம் போட்டுத் துவைத்த வேட்டி அது; அந்தச் சாயம் மஞ்சளைச் சிறிது உறிஞ்சுவதால், இந்த வேலைக்கு நாங்கள் தேடிப் போயிருந்தாலும் இதைவிட ஏற்றது கிடைத்திராது. கல்யாணப் படங்களில் ஒளியைத் திருப்பி அனுப்பும் தங்க நிற ரிஃப்ளெக்டரைச் சிலர் விரும்பிப் பிடிக்கிறார்கள். காசு கொடுத்து ஒரு மஞ்சள் சுவரை வாங்குவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

லென்ஸுக்கு இதில் பங்கு குறைவு. நான் வைத்திருப்பது பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸ். கவனித்தது தூரத்தை மட்டும்: மூக்கு நுனிக்கும் காதுக்கும் 12 சென்டிமீட்டர் இடைவெளி என்றால், 45 சென்டிமீட்டர் தொலைவில் நீட்டிய கைப்பேசிக்கு மூக்கு கால் பங்குக்குமேல் பெருத்துத் தெரியும், 2 மீட்டர் தொலைவுக்குப் பின்வாங்கினால் அந்த மிகை நூற்றுக்கு ஆறாகக் குறைந்துவிடும்.

இவ்வளவும் வேண்டாமென்றால் மாலையில் கடற்கரைச் சாலைக்குப் போகலாம். கட்டடங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கிய பிறகு, வங்கக்கடல் பக்கம் திரும்பி நிற்பவரின் முகத்துக்கு முன்னே இருப்பது கிழக்கு வானம் மட்டுமே. கறுத்த பாறைகள் கீழிருந்து எதையும் பெரிதாகத் திருப்பி அனுப்புவதில்லை. நீலம்தான், ஆனால் ஏறத்தாழ ஒரே நீலம். ஒரு சறுக்கியை ஒரு முறை நகர்த்தினால் போதும்.

வேட்டி பிடித்து எடுத்த படத்தில் முகம் முழுவதும் ஒரே நிறமாக வந்தது. வேட்டி மறைக்காத பக்கமாக வந்த மஞ்சள் அவளுடைய இடது தோளிலும் தாவணி ஓரத்திலும் மட்டும் மெல்லப் படிந்திருந்தது. அதை நான் திருத்தவில்லை.