சாலிடாரிட்டி: கடன் பத்திரத்தில் பிறந்த சொல்

ஒரு நகரத்தின் மீது பயங்கரவாதத் தாக்குதல் நடந்த மறுநாள் உலகத் தலைவர்களின் அறிக்கைகளில் தவறாமல் இடம்பெறும் சொல் ‘சாலிடாரிட்டி’. 2008இல் மும்பை, 2015இல் பாரிஸ், 2019இல் கிறைஸ்ட்சர்ச் என்று ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டோம். தமிழ்ச் செய்திகளில் அது ஒற்றுமை, ஒருமைப்பாடு, ஆதரவு, தோழமை என ஆளுக்கொரு விதமாக மாறிவிடுகிறது. ‘பாதிக்கப்பட்டவர்களுக்கு எங்கள் ஒருமைப்பாட்டைத் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்ற வாக்கியத்தைப் படித்தால், தெரிவிப்பவர் என்ன செய்யப் போகிறார் என்பது விளங்குவதில்லை. மூலச்சொல்லில் அந்த மழுப்பல் கிடையாது. யார் எவ்வளவு சுமக்க வேண்டும் என்பதைக் கறாராகச் சொல்லப் பிறந்த சொல் அது.

ஆங்கிலத்துக்கு இது 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து போனது. பிரெஞ்சில் ‘சொலிதாரித்தே’. புதுச்சேரிக்காரர்களுக்கு இதன் குடும்பமே பழக்கம். வேர், லத்தீனில் ‘சொலிதுஸ்’. கெட்டியானது, முழுமையானது என்று பொருள். பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்து ரோமானியப் பொற்காசுக்கும் அதே பெயர்தான். அந்தக் காசின் பெயரிலிருந்து கூலிக்கான சொல் வந்தது, கூலி வாங்கிப் போரிடுபவனுக்கான ‘சொல்தா’வும் வந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் இன்றும் சொல்தா என்றுதான் சொல்கிறோம். கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் போர் நினைவுச்சின்னம், முதல் உலகப்போரில் இறந்த சொல்தாக்களுக்கு எழுப்பியது. சொல்தாவும் சொலிதாரித்தேயும் ஒரே வேரில் கிளைத்தவை.

ரோமானியச் சட்டத்தில் ‘இன் சொலிதும்’ என்றொரு தொடர் உண்டு. ‘முழுமைக்கும்’ என்று பொருள். மூன்று பேர் சேர்ந்து முந்நூறு காசு கடன் வாங்கினால், தலைக்கு நூறு என்று பிரித்துக்கொண்டு ஒதுங்கிவிட முடியாது. கடன் கொடுத்தவர் மூவரில் எவரிடம் வேண்டுமானாலும் முந்நூறையும் கேட்கலாம். கேட்கப்பட்டவர் முழுவதையும் கட்டியாக வேண்டும். மற்ற இருவரிடம் அவர் பிறகு வசூலித்துக்கொள்ளலாம், ஆனால் அது தனிக் கணக்கு. 1804ஆம் ஆண்டு பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் 1200ஆவது பிரிவு சொலிதாரித்தேயை இப்படித்தான் வரையறுத்தது.

அந்தச் சட்டம் புதுச்சேரியிலும் இருந்தது. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி தங்கள் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றுக்கொண்ட குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். அதனால், மெழுகுவத்தி ஊர்வலங்களில் ஒலிப்பதற்கு வெகுகாலம் முன்பே இந்தச் சொல் புதுச்சேரிக்குச் சட்டச் சொல்லாக வந்துவிட்டது. இன்றைக்கு மகளிர் குழுக் கடன் வாங்கும் பெண்களுக்கும் விஷயம் நன்றாகத் தெரியும். ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ பொறுப்பேற்பதாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒருத்தி தவணை கட்டாத வாரத்தில் மற்றவர்கள் சேர்ந்து கட்டுகிறார்கள். வங்கிகள் இதைக் ‘கூட்டுப் பொறுப்புக் குழு’ என்கின்றன.

கடன் பத்திரத்திலிருந்து இந்தச் சொல்லைப் பொதுவாழ்வுக்குக் கொண்டுவந்தவர்கள் 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுச் சிந்தனையாளர்கள். 1840இல் பியேர் லெரூ, கிறித்தவ ஈகையின் இடத்தில் இதை வைத்தார். கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே என்ற நிலை அவருக்கு ஒப்பவில்லை. 1896இல் லெயோன் பூர்ழுவா இதையே தலைப்பாக வைத்து நூல் எழுதினார். பிறக்கும்போதே மனிதன் சமூகத்துக்குக் கடனாளி, முன்னோர் சேர்த்துவைத்த மொழி, அறிவு, சாலை எல்லாவற்றையும் அனுபவிப்பதால் அந்தக் கடன் ஏறுகிறது என்பது அவர் வாதம். பிரான்சின் பிரதமராகவும் இருந்த அவருக்கு 1920இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1980இல் போலந்தின் கிதான்ஸ்க் கப்பல்தளத் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்துக்கு இந்தப் பெயரையே சூட்டினார்கள். அங்கிருந்து அது உலகத்தின் சொல்லானது.

2015 நவம்பர் 13 இரவு பாரிஸில் தாக்குதல் தொடங்கியபோது இங்கே 14ஆம் தேதி அதிகாலை ஒன்றே முக்கால் மணி. பாரிஸிலும் அதன் புறநகர்களிலும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இருக்கும் புதுச்சேரி வீடுகள் ஏராளம். 130 பேர் கொல்லப்பட்டார்கள், அவர்களில் 90 பேர் பத்தக்லான் இசையரங்கில். அந்த இரவில் வீடு திரும்ப முடியாமல் தெருவில் நின்றவர்களுக்காக, ‘கதவு திறந்திருக்கிறது’ என்ற குறிச்சொல்லோடு பாரிஸ்வாசிகள் சமூக ஊடகத்தில் எழுதினார்கள். முன்பின் தெரியாதவரை, துப்பாக்கிக்காரன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாத நேரத்தில், வீட்டுக்குள் விடுவதற்கு முன்வந்தார்கள். ‘இன் சொலிதும்’ என்பதன் பொருள் அங்கே வாசற்படியில் நின்றது. என் பங்குக்கு ஒரு மெழுகுவத்தி என்று கணக்கு முடிக்காமல், வந்து நிற்கும் முழு ஆபத்துக்கும் நான் பொறுப்பு என்பது அது.

இதைவிடக் கூர்மையான ஒன்று அதே ஆண்டு ஜனவரி 9 அன்று நடந்தது. பாரிஸில் ஒரு யூத மளிகைக் கடைக்குள் ஆயுதத்தோடு நுழைந்தவன் நான்கு பேரைக் கொன்றான். கடை ஊழியர் லசானா பத்திலி, மாலி நாட்டிலிருந்து வந்த முஸ்லிம் இளைஞர். வாடிக்கையாளர்கள் சிலரை நிலவறையில் இருந்த குளிர்பதன அறைக்குள் அனுப்பி, குளிரூட்டியை நிறுத்தி, விளக்கை அணைத்துவிட்டு, தான் வெளியேறிப் போலீசாருக்கு உள்ளமைப்பை விளக்கினார். முதலில் போலீசார் அவரையே சந்தேகப்பட்டுக் கைவிலங்கு மாட்டி வைத்திருந்தார்கள். சில நாளில் பிரெஞ்சு அரசு அவருக்குக் குடியுரிமை கொடுத்தது. மும்பையில் 2008இல், கையில் லத்தி மட்டும் வைத்திருந்த போலீஸ் துணை உதவி ஆய்வாளர் துக்காராம் ஓம்ப்ளே, பயங்கரவாதி கசாபின் துப்பாக்கிக் குழலைப் பிடித்துக்கொண்டு குண்டுகளைத் தன் உடம்பில் வாங்கினார். முழுமைக்கும் கட்டியவர் அவர்.

பாரிஸ் தாக்குதலுக்கு முந்தைய நாள் பெய்ரூட்டில் நடந்த குண்டுவெடிப்புகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். முகப்புப் படங்களில் பிரெஞ்சுக் கொடி மூவண்ணம் பூசியவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? இதை நான் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. ‘முழுமை’ என்பதை வேரில் வைத்திருக்கும் சொல், சில நகரங்களுக்கு மட்டும் என்று சுருங்கும்போது மனம் வருந்துகிறது.

இனி தமிழ். ‘ஒற்றுமை’ நமக்குள் சண்டை இல்லை என்ற நிலையைச் சொல்கிறது, பொறுப்பைச் சொல்வதில்லை. ‘ஒருமைப்பாடு’ தேசிய ஒருமைப்பாடு என்ற வழக்கில் இறுகிவிட்டது. ‘ஆதரவு’ வெளியே நின்று தருவது. ‘தோழமை’ தொழிற்சங்க மேடைகளில் நெடுநாள் உழைத்த நல்ல சொல். ஒரே அணியில் இருப்பவர்களுக்குள் அது சரியாகப் பொருந்தும். ஆனால் பத்திலிக்கும் அவர் காப்பாற்றியவர்களுக்கும் இடையே இருந்தது அணி உறவு இல்லையே. இலங்கைத் தமிழ் எழுத்துகளில் காணப்படும் ‘கூட்டொருமை’ சமூகவியல் கட்டுரைக்கு ஏற்றது, தெருவில் எடுபடாது.

‘பிணை’ என்ற சொல் என்னை வெகுநாள் ஈர்த்தது. கட்டுவதும் பிணைதான், ஜாமீனும் பிணைதான். பிணைப்பு, பிணைப் பத்திரம் என்று உணர்வும் சட்டமும் ஒரே சொல்லில் கூடி நிற்கின்றன, மூலத்தில் உள்ளது போலவே. ஆனால் இந்தச் சூழலில் அதை எடுத்தால் ‘பிணைக்கைதி’ முன்னால் வந்து நின்றுவிடும். பத்தக்லானில் அடைபட்டுக் கிடந்தவர்களைத் தமிழ் நாளிதழ்கள் அப்படித்தானே எழுதின.

பொருளில் மிக நெருங்கி வருவது குறளின் ‘ஒப்புரவு’. அந்த அதிகாரத்தின் முதல் அடி ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு’ என்று தொடங்குகிறது. கடப்பாடு, கடமை, கடன் எல்லாம் ஒரே குடும்பம். கொடுக்க வேண்டிய பணமும் கடன், செய்ய வேண்டிய வேலையும் கடன். ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ என்று புறநானூற்றுத் தாய் சொல்வது இரண்டாவது பொருளில். ரோமானியக் கடன் பத்திரம் பூர்ழுவா வரை நடந்து வந்த தூரத்தைத் தமிழ் ஒரே சொல்லுக்குள் கடந்திருக்கிறது. ஒப்புரவுக்குப் பரிமேலழகர் தரும் விளக்கமும் இங்கே பொருந்துகிறது: அறநூல்களில் சொல்லப்பட்டிராமல், தாமே அறிந்து செய்ய வேண்டிய உலகநடை. கடையின் நிலவறையில் அந்த இளைஞர் செய்ததை எந்த விதிப்புத்தகமும் அவருக்குச் சொல்லியிருக்காது.

இருந்தும் ஒப்புரவை நான் பரிந்துரைக்கவில்லை. புதுச்சேரியின் கத்தோலிக்கப் பேராலயமான சம்பா கோவிலுக்குப் போகும் ஒருவரிடம் சொன்னால், பாவசங்கீர்த்தனத்தின் இன்றைய பெயரான ஒப்புரவு அருட்சாதனம்தான் நினைவுக்கு வரும். கிறித்தவத் தமிழில் அது ‘சமரசமாதல்’ என்ற பொருளில் வேரூன்றிவிட்டது. தாக்குதல் நடந்த மறுநாள் ‘ஒப்புரவு’ என்று பதாகை வைத்தால், கொலையாளிகளோடு சமரசம் பேசுவதாகப் புரிந்துகொள்ள இடம் உண்டு. துக்க வீட்டில் அப்படியொரு குழப்பத்துக்கு இடம் தரக்கூடாது.

என் தேர்வு ‘உடன்நிற்றல்’. ‘துணைநிற்றல்’ என்பதும் வழக்கில் உண்டு, ஆனால் துணை என்றால் முதன்மையானவர் ஒருவர், உதவிக்கு வந்தவர் ஒருவர் என்றாகிவிடுகிறது. ‘உடன்’ சமநிலையில் வைக்கிறது. உடன்பிறப்பு, உடன்படிக்கை இரண்டிலும் அந்தச் சமநிலை இருக்கிறது. இரண்டாவதில் சட்ட வாசனையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேச்சிலும் ‘கூட நின்னாங்க’ என்றுதான் சொல்கிறோம். கஷ்டத்தில் பணம் அனுப்பியவரையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவரையும் அந்த ஒரு சொல்லால்தான் நினைவுகூர்கிறோம்.

சாலிடாரிட்டியோடு ஒட்டிக்கொண்டு வரும் ‘ரெசிலியன்ஸ்’ பற்றியும் சுருக்கமாக. லத்தீனில் ‘பின்னோக்கித் துள்ளுதல்’, அழுத்தினால் பழைய வடிவுக்குத் திரும்புவது. தமிழில் ‘மீள்திறன்’ என்று புழங்குகிறது, பொருத்தம்தான். ஆனால் பயன்படுத்தும்போது கவனம் வேண்டும். 2006 ஜூலை 11 அன்று மும்பை மின்ரயில்களில் 11 நிமிடங்களில் ஏழு குண்டுகள் வெடித்தன. மறுநாள் அதே ரயில்களில் மக்கள் ஏறியதைப் பார்த்து மும்பையின் மீள்திறன் என்று எழுதினார்கள். வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை என்பதால் ஏறியவர்களும் அதில் இருந்தார்கள். அவர்களுடைய பயத்துக்குப் பாராட்டுப் பத்திரம் வாசித்துவிட்டு, ரயில் நிலையப் பாதுகாப்பையும் காயம்பட்டவர்களின் நிவாரணத்தையும் மறந்துவிடுவதற்கு இந்தச் சொல் வசதி செய்து கொடுத்துவிடக் கூடாது. ‘மீண்டெழுந்தார்கள்’ என்று எழுதும்போது யார் கைகொடுத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதலாம்.

எழுதுவோருக்கு: ‘ஒருமைப்பாட்டைத் தெரிவித்தனர்’ என்பதற்குப் பதில் ‘மும்பை மக்களோடு உடன்நின்றனர்’ என்று போடலாம். பெயர்ச்சொல் தேவைப்பட்டால் உடன்நிற்றல், ஆட்களைக் குறிக்க உடன்நிற்போர். சட்ட ஆவணத்தில் வந்தால் கூட்டுப் பொறுப்பு. தொழிற்சங்கச் செய்தியில் தோழமையை மாற்ற வேண்டியதில்லை. போலந்துச் சங்கத்தைக் குறிக்கும்போது அது இயற்பெயர், அதை ‘சொலிதார்னோஷ்ச்’ என்றே எழுதிவிடலாம்.