மூன்றாவது கட்டிக்குப் பிறகு வீட்டில் எல்லோர் மூக்கையும் பார்த்தோம்

"சூட்டுக் கட்டிதான் டாக்டர், மாம்பழம் நிறைய சாப்பிட்டுட்டான்" என்றார் அந்த அம்மா. பத்து வயதுப் பையன், தொடையில் மூன்றாவது முறையாகக் கட்டி. முந்தைய இரண்டுக்கும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரைதான், அதையும் வலி குறைந்ததும் நிறுத்திவிட்டார்கள்.

நான் நுண்ணுயிரியல் மருத்துவர், சீழைச் சோதிப்பது என் வேலை. இந்த முறை கட்டியைக் கீறிய டாக்டர் சீழை எங்கள் லேபுக்கு அனுப்பியிருந்தார். மறுநாள் கிருமி வளர்க்கும் தட்டில் மஞ்சளாக முளைத்திருந்தது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. அதன்மேல் செஃபாக்சிடின் என்ற மருந்தில் ஊறிய வில்லையை வைத்தால், மருந்துக்கு அடங்கும் கிருமியாக இருந்தால் வில்லையைச் சுற்றி 22 மில்லிமீட்டர் விட்டத்துக்காவது வளராமல் தெளிவாக வட்டம் விடும். இதில் வில்லையின் விளிம்பு வரை வளர்ந்திருந்தது. எம்.ஆர்.எஸ்.ஏ., அதாவது மெதிசிலின் என்ற பென்சிலின் வகை மருந்துக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்.

காரணம் பெரும்பாலும் மெக்-ஏ என்ற ஒரு மரபணு. பென்சிலின் வகை மருந்துகள் கிருமியின் செல்சுவரைக் கட்டும் புரதத்தைப் பிடித்து முடக்கும். இந்த மரபணு உள்ள கிருமியோ மருந்தின் பிடிக்குச் சிக்காத வேறொரு புரதத்தை வைத்துக்கொண்டு சுவரைக் கட்டிக்கொண்டே போகும். அமாக்சிசிலின், செஃபலெக்சின் எல்லாம் வீண். மெதிசிலின் வந்து ஏறக்குறைய இரண்டே ஆண்டில், 1961-இல், இங்கிலாந்தில் இது தெரிந்துவிட்டது.

சரி, ஒரு நகரத்துக்குள் இது எப்படிப் பரவுகிறது? ஆஸ்பத்திரியிலிருந்துதான் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு ஒன்று வடக்கு மன்ஹாட்டன், பிராங்க்ஸ் பகுதி மக்களிடம் 2009 முதல் 2011 வரை எடுத்த இதே கிருமியின் 387 மாதிரிகளின் மரபணுத் தொடரை எழுத்தெழுத்தாகப் படித்து 2014-இல் வெளியிட்டது. இந்தக் கிருமியின் மரபணுவில் சுமார் 28 லட்சம் எழுத்துகள், அதில் ஆண்டுக்கு மூன்று எழுத்து அளவில்தான் மாறும். ஆகவே இரண்டு கிருமிகளுக்கு நடுவே எத்தனை எழுத்து வித்தியாசம் என்று எண்ணினாலே, எவ்வளவு நெருங்கிய சொந்தம், எப்போது பிரிந்தன என்று சொல்லிவிடலாம். அப்படிப் பார்த்தபோது யுஎஸ்ஏ300 என்ற வகை, மாதிரி எடுப்பதற்கு இரண்டு முதல் எட்டு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அந்தந்த வீடுகளுக்குள் குடியிருந்தது தெரிந்தது. வீடுதான் அதற்குக் கிடங்கு. அதில் ஒரு கிளை சிப்ரோ வகை மருந்துகளுக்கும் அடங்காததாக மாறியிருந்தது. சிப்ரோ மாத்திரை வியர்வையிலும் கொஞ்சம் வெளியேறும். நாம் வயிற்றுப்போக்குக்கு விழுங்கினாலும் தோலில் இருக்கிற கிருமிகள் அந்த மருந்தைச் சந்தித்துவிடுகின்றன.

இந்தக் கிருமி கட்டி எதுவும் வரவைக்காமலே மூக்கில் குடியிருக்கும். இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் அந்தப் பையன் வீட்டில் நால்வர் மூக்கிலிருந்தும் மாதிரி எடுக்கச் சொன்னேன். அப்பாவுக்கும் தம்பிக்கும் இருந்தது, இருவருக்கும் ஒரு கட்டிகூட வந்ததில்லை. எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்ற பட்டியல் மூவருக்கும் ஒன்றுபோலவே வந்தது. மரபணுவைப் படிக்கும் வசதி எங்களிடம் இல்லை, அதனால் ஒரே கிருமிதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் குளித்ததும் மூவரும் துடைத்துக்கொள்வது ஒரே துண்டில் என்று அந்த அம்மாவே சொன்னார்.

சீழ் வைத்த கட்டிக்கு முதல் வைத்தியம் டாக்டர் கையால் கீறி வெளியேற்றுவதுதான், பிதுக்கக் கூடாது. மாத்திரையின் முதல் வேளைக்கு முன்பே சீழைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) கொடுத்துவிடுங்கள், கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. திரும்பத் திரும்ப வந்தால் வீட்டில் மற்றவர்களையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

அந்த வீட்டில் இப்போது ஆளுக்கொரு துண்டு. மூவருக்கும் ஐந்து நாள் மூக்கில் முபிரோசின் என்ற கிருமிக்கொல்லிக் களிம்பு போட்டாயிற்று. தம்பியின் மூக்கில் இன்னும் இருக்கிறதா என்று அடுத்த மாதம் பார்க்க வேண்டும்.