ஷுல்ட்: குற்ற உணர்வு அல்ல, பழி

‘ஜெர்மானியரின் கூட்டுக் குற்ற உணர்வு’ என்ற தொடரை இந்த மாதம் மட்டும் மூன்று கட்டுரைகளில் படித்துவிட்டேன். மூன்றிலும் மூலச்சொல், நாஜி ஆட்சியின் கொடுமைகளுக்கு ஜெர்மானியர் எல்லாரையும் பொறுப்பாக்கும் ‘கொலெக்டிவ்ஷுல்ட்’ என்ற ஜெர்மன் சொல். மூன்றும் தவறு.

அதிலுள்ள ஷுல்ட், ‘ஸொலென்’ என்ற ஜெர்மன் வினைக்கு உறவு. செய்தாக வேண்டும், தந்தாக வேண்டும் என்பது வேர்ப்பொருள். தர வேண்டிய பணமும் ஷுல்ட், செய்த தீங்குக்காகத் தலைமேல் நிற்பதும் ஷுல்ட். 1900இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் உரிமையியல் சட்டத்தின் இரண்டாம் பகுதி முழுக்க ‘ஷுல்ட் உறவுகள்’ பற்றியது: விற்பவர், வாங்குபவர், வீட்டுக்காரர், குடியிருப்பவர். அங்கே குற்றத்துக்கே வேலையில்லை, உணர்வு எங்கிருந்து வந்தது?

உணர்வைச் சொல்ல ஜெர்மனில் ‘ஷுல்ட்கெஃபூல்’ என்று தனிச்சொல் இருக்கிறது. அதற்குக் குற்ற உணர்வு சரியாகப் பொருந்தும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் கருத்தே கவிழ்ந்துவிடும். ஜெர்மன் தத்துவவாதி கார்ல் யாஸ்பர்ஸ் 1946இல் எழுதிய நூலில் ஷுல்ட்டை நான்காகப் பிரித்தார்: சட்டத்தின் முன், அரசியலில், அறத்தில், அதற்கும் அப்பால். அரசு செய்ததற்குக் குடிமக்கள் பொறுப்பேற்றே ஆக வேண்டும் என்பது அவர் வாதம். மனம் உறுத்தாதவனுக்கும் அந்தப் பொறுப்பு உண்டு. ‘உணர்வு’ என்று மொழிபெயர்த்தால், உறுத்தாதவன் தப்பித்துவிடுகிறான்!

பணம் என்றால் கடன், தீங்கு என்றால் பழி. இதுதான் என் பரிந்துரை. பழி என்றால் அவதூறு ஆகிவிடாதா என்று கேட்கிறார்கள். அவதூறை ‘வீண்பழி’ என்று பிரித்துச் சொல்லும் மொழி நம்முடையது. பழி ஒருவர் தலையில் விழும், அதை அவர் சுமப்பார், ஏற்பார். கடனையும் தீர்க்கிறோம், பழியையும் தீர்க்கிறோம். ஷுல்ட்டுக்குள் இருக்கும் அந்தக் கணக்குத் தமிழிலும் அப்படியே கிடக்கிறது. கூட்டுப் பழி என்று எழுதுவதில் என்ன தடை?

கிறித்தவர்களின் ‘பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே’ ஜெபத்தில் ஜெர்மானியர் மன்னிக்கக் கேட்பது ஷுல்ட்டை. பழைய தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் ‘எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்’ என்றே இருக்கிறது. கத்தோலிக்கர் ‘குற்றங்களை’ என்கிறார்கள். இரு தரப்பும் உணர்வை மன்னிக்கச் சொல்லவில்லை.

ஆங்கிலம் வழியாக ஜெர்மனை மொழிபெயர்ப்பவர்கள் மூலத்தை ஒருமுறையாவது புரட்டிப் பார்க்க வேண்டும். சந்தையில் காய் வாங்கிவிட்டு ஜெர்மானியர் ‘உங்களுக்கு நான் என்ன ஷுல்டிஷ்?’ என்று கேட்பதுண்டு. எவ்வளவு தரணும் என்று கேட்கிறார், அவ்வளவுதான்.