கல், கயூ, கல்குலுஸ்: ஒலி ஒத்தால் உறவாகிவிடுமா?

"பிரெஞ்சில் கூழாங்கல்லுக்குக் கயூ. லத்தீனில் கல்குலுஸ். இரண்டுக்குள்ளும் நம் கல் இருக்கிறது, பகிருங்கள்!" லத்தீன் குடும்ப மொழிகளைப் பற்றி வகுப்பில் பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் இந்த வாட்ஸாப் செய்தியை எடுத்து நீட்டுவார். பிரெஞ்சும் ஸ்பானியமும் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. சிரித்துவிட்டு விடலாம்தான், ஆனால் பிள்ளைகள் இதைத் தேர்வுத்தாளிலும் எழுதி வைக்கிறார்கள்.

சரி, கல்லையே எடுத்துப் பார்த்துவிடுவோம்.

லத்தீனில் கல்லுக்குச் சொல் பஞ்சமில்லை. பொதுவாகக் கல் என்றால் லாபிஸ். பெரும்பாறை சாக்ஸும். சின்னக் கல் கல்குலுஸ். சிக்கிமுக்கிக் கல் சிலெக்ஸ். ஆனால் பெரும்பாலான மக்களின் வாயில் கடைசியில் நிலைத்தது இவற்றில் எதுவுமில்லை, கிரேக்கத்திலிருந்து கடன் வாங்கிய பெத்ரா. கிரேக்கத்தில் அது பாறையைக் குறித்தது. லத்தீனிலும் முதலில் அப்படித்தான். அப்புறம் பொருள் விரிந்து சாதாரணக் கல்லுக்கும் வழங்கி, லாபிஸை ஓரங்கட்டியது. வேற்றுமை ஏற்கும்போது லாபிதிஸ், லாபிதெம் என்று உருமாறும் சொல்லைவிட பெத்ராவைக் கையாள்வது எளிது. அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். லாபிஸ் அடியோடு அழிந்துவிடவில்லை. இத்தாலியத்தில் கல்லறைப் பலகைக்கு லாபிதே என்றுதான் பெயர். ஸ்பானியர்கள் பென்சிலை லாபிஸ் என்கிறார்கள்.

பெத்ராவின் பிள்ளைகள் இவர்கள்: இத்தாலியத்தில் பியெத்ரா, ஸ்பானியத்தில் பியெத்ரா, போர்ச்சுகீசியத்திலும் காத்தலானிலும் பெத்ரா, ருமேனியத்தில் பியாத்ர, பிரெஞ்சில் பியேர். தமிழில் எழுதினால் முதல் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். காதுக்கு அப்படி இல்லை. இத்தாலியரின் த 'பத்து' என்பதில் வருவதுபோல் வல்லொலி. ஸ்பானியரின் த 'அது' என்பதில் வருவதுபோல் குழைந்த ஒலி. வகுப்பில் இந்த இரண்டு சொற்களையும் மாறி மாறிச் சொல்லவைத்தால் விஷயம் நாக்கிலேயே புரிந்துவிடும்.

இந்த வேறுபாடுகள் கல்லுக்கு மட்டும் நேர்ந்தவை இல்லை என்பதுதான் முக்கியம். ஸ்பானியம் 'எ'யை 'இயெ' ஆக்கிய இடத்தில் போர்ச்சுகீசியம் அதை அப்படியே விட்டுவைக்கும். நிலம் தியெர்ரா, தெர்ரா. கால் பியே, பெ. கல்லும் அதே வழியில். ஸ்பானியத்தின் குழைந்த த, ர-வுக்கு முன்னால் வந்தால் பிரெஞ்சில் காணாமலே போகும். அப்பா பாத்ரே, அங்கே பேர். அம்மா மாத்ரே, அங்கே மேர். (நம் 'பாதிரி' போர்ச்சுகீசியர் கொண்டுவந்த பாத்ரேதான்.) அப்படியென்றால் பியெத்ரா பியேர் ஆவதில் ஆச்சரியமில்லை. ஒரு சொல்லில் நடந்தது வரிசையாகப் பல சொற்களில் நடந்திருக்க வேண்டும். உறவுக்குச் சாட்சி அந்த ஒழுங்குதான், ஒலி ஒப்புமை அல்ல.

இப்போது கயூவுக்கு வருவோம். பிரெஞ்சு படிக்கிறவர்கள் பன்மையில் எக்ஸ் சேர்க்க வேண்டிய ஏழு சொற்களை மனப்பாடம் செய்யும்போது இதையும் சேர்த்து உருப்போடுவார்கள். இது கல்குலுஸிலிருந்து வந்தது என்று நினைக்கும் பிரெஞ்சுக்காரர்களே உண்டு. ஆனால் ரோமானியர் வருவதற்கு முன் அந்த மண்ணில் பேசப்பட்ட கோல் மொழியின் சொல்லாகவே அறிஞர்கள் இதைக் கொள்கிறார்கள். இன்னொரு வேடிக்கை: லத்தீனின் 'க' பாரிஸ் பக்கத்து பிரெஞ்சில் 'ஷ' ஆகும். பாடுவதற்கான காந்தாரே ஷாந்தே ஆனது அப்படித்தான். அந்தக் கணக்குப்படி கூழாங்கல் 'ஷயூ' ஆகியிருக்க வேண்டும், அப்படி ஒரு பழைய வடிவமும் இருந்தது. 'க' மாறாமல் நிற்கும் இன்றைய கயூ, நார்மண்டி, பிக்கார்டி வட்டார வழக்கிலிருந்து வந்தது. ஆக, நம் 'கல்'லோடு ஒட்டவைக்க உதவிய அந்த முதல் எழுத்தே ஒரு வட்டார விபத்து.

கல்குலுஸ், சுண்ணாம்புக்கல்லையும் சிறுகல்லையும் குறித்த கல்க்ஸ் என்ற சொல்லின் குறுமை வடிவம். ரோமானியர் சிறுகற்களை வைத்துக் கணக்குப் போட்டதால் கணக்குக்கே அது பெயரானது. பிரெஞ்சில் இன்றும் கல்குல் என்றால் கணக்கு, சிறுநீரகக் கல்லும் அதுவே. மருத்துவ அறிக்கையை இயந்திரத்தில் போட்டு மொழிபெயர்க்கிறவர்கள் இந்த இடத்தில் இரண்டு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

எல்லோரும் பெத்ராவை ஏற்கவில்லை. இத்தாலியத்தில் சாக்ஸும் சாஸ்ஸோவாக வாழ்கிறது. மத்தேரா ஊரின் குகை வீடுகளுக்குச் சாஸ்ஸி என்று பெயர், 1993 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை. சுவிட்சர்லாந்தின் ரோமான்ஷ் மொழியில் கல் 'கிராப்'. ஆல்ப்ஸ் மலையில் லத்தீனுக்கு முன்பிருந்த ஏதோ ஒரு மொழியின் மிச்சம் அது. பெத்ராவுக்கே என்ன மூலம் என்றால், கிரேக்கத்தோடு தடம் நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் உறுதியான சான்று இல்லை.

நம் கல்லுக்கு உறவுகள் இல்லாமலா? கன்னடத்தில் கல்லு, மலையாளத்தில் கல்லு. பலூசிஸ்தானில் பேசப்படும் திராவிட மொழியான பிராகுயியில் தொண்டையை உரசி வரும் ஒலியோடு 'ஃகல்'. தனியாகப் பார்த்தால் இதுவும் தற்செயலோ என்று தோன்றும். ஆனால் நம் கண் அங்கே 'ஃகன்'. அதே மாற்றம், அதே இடத்தில். கல்குலுஸை நம் கல்லோடு சேர்க்க இப்படி ஒரு இணைச்சொல் வரிசையைக் காட்ட முடியுமா என்று கேட்டால், செய்தியை அனுப்பியவரிடமிருந்து பெரும்பாலும் கும்பிடு எமோஜிதான் பதிலாக வரும். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பகிர்வதற்கு முன் அதில் 'கல்' என்று தேட ஒரு நிமிடம்கூட ஆகாது.