ஈரல் கிழிந்தால் இரண்டு சத்திரசிகிச்சை, இரண்டுக்கும் காசு இல்லை

மோட்டார் சைக்கிளின் ஹேண்டில் வயிற்றில் குத்தியிருக்கும். உழவு மெஷின் புரண்டிருக்கும். எல்லைக் கிராமம் என்றால் யானை அடித்திருக்கும். தியேட்டருக்கு வெளியே காத்திருக்கும் குடும்பத்திடம் டொக்டர் வந்து சொல்வார்: "ஈரலைச் சுற்றித் துணி வைத்து அடைத்திருக்கிறோம். இரண்டு நாளில் திரும்பத் திறக்க வேண்டும்." ஏதோ பிழையாகிப்போயிற்று என்றுதான் அப்போது தோன்றும். நோயாளியைத் தனியாருக்குக் கொண்டுபோக அவசரப்படுவதும், காசுக்கு நகையைக் கையில் எடுப்பதும் அந்த நேரத்தில்தான்.

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். அது பிழை இல்லை, சிகிச்சை முறையே அதுதான்.

ஈரலில் ஏற்படும் காயங்களில் பெரும்பாலானவை கத்தி வைக்காமலே, படுக்கையில் வைத்துக் கவனித்தாலே ஆறிவிடும். இரத்தம் நிற்காமல் போகும் கடும் காயத்தில்தான் சிக்கல். இரத்தம் போகப் போக உடம்பு குளிர்ந்துவிடும், இரத்தத்தில் அமிலம் ஏறும், உறையும் தன்மையும் குறைந்துவிடும். ஒன்று மற்றதை மோசமாக்கும். அந்த நிலையில் மணிக்கணக்காகத் தைத்துக்கொண்டிருந்தால் ஆள் தாங்கமாட்டார். அதனால் முதல் சத்திரசிகிச்சையில் துணியால் அழுத்தி இரத்தத்தை மட்டும் நிறுத்துவார்கள். வயிற்றை முழுதாக மூடாமலும் விடலாம். அப்புறம் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் உடம்பைச் சூடாக்கி, இரத்தம் ஏற்றித் தேற்றுவார்கள். பெரும்பாலும் 24 முதல் 72 மணித்தியாலத்துக்குள் திரும்பத் திறந்து, துணியை எடுத்து, மிச்ச வேலையை முடிப்பார்கள்.

சரி, செலவு? அரச வைத்தியசாலையின் பொது வார்டில் முதல் சத்திரசிகிச்சை, இரண்டாவது, அதிதீவிர சிகிச்சை எல்லாமே இலவசம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் அம்பாறை பொது வைத்தியசாலையிலும் இதுதான் நடைமுறை. இரத்தத்துக்கும் காசு இல்லை. நம் நாட்டின் இரத்த வங்கி தன்னார்வக் கொடையாளர்களை நம்பி நடப்பது. வார்டில் இல்லாத மருந்தையோ பரிசோதனையையோ வெளியில் செய்யச் சொன்னால், கடன்படுவதற்கு முன் வைத்தியசாலைப் பணிப்பாளரின் அலுவலகத்தில் ஒருமுறை கேளுங்கள். விபத்து நடந்த இடத்திலிருந்து 1990-க்கு அழைத்தால் வரும் 'சுவ செரிய' அம்புலன்சும் இலவசம்தான், தமிழிலேயே பேசலாம்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைக்கும்போது தமிழில் விளக்கம் கேளுங்கள். வடக்கு, கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பே சொல்கிறது. கேட்க வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வாகன விபத்து என்றால் பொலிஸ் முறைப்பாடும் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையும் வேண்டும். சிகிச்சை அதற்காகக் காத்திருக்காது. ஆனால் மற்றவரின் வாகனத்தால் வந்த காயத்துக்கு, அந்த வாகனத்தின் மூன்றாம் தரப்புக் காப்புறுதியில் நட்டஈடு கேட்கப் பிறகு இவை தேவைப்படும். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்டை (நோயும் செய்த சிகிச்சையும் எழுதிய அட்டை) பத்திரமாக வையுங்கள், இரண்டு பிரதியும் எடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல், கண் மஞ்சளாதல், இரத்த வாந்தி, கறுப்பாக மலம் போதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கிளினிக் தேதி வரை பொறுக்க வேண்டாம். அந்தக் கார்டையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.