ஐஸ் உடைக்கற கப்பலும் நம்ம வீட்டு சன்ஷேடும்

போன வாரம் அக்கா பையன், ஏழாவது படிக்கறான், வாட்ஸ்அப்ல வந்த ஒரு வீடியோவ கொண்டு வந்து காட்டினான். கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் வெள்ளையா உறைஞ்ச கடல், அதுக்கு நடுவுல ஒரு பெரிய ரஷ்ய கப்பல் நம்ம ஊர்ல பஸ் போற மாதிரி சாவகாசமா போயிட்டு இருக்கு. கீழ தமிழ்ல எழுதியிருந்தது, "அணுசக்தி சூட்டில் ஐஸை உருக்கிக்கொண்டே செல்லும் அதிசயக் கப்பல்". மாமா இது நிஜமான்னு கேட்டான். கப்பல் நிஜம்டா, உருக்கறது பொய்னு சொன்னேன். அப்போ கத்தி மாதிரி வெட்டிட்டு போகுதான்னு அடுத்த கேள்வி. அதுவும் இல்ல.

முதல்ல இந்த உருக்கற கதைய கணக்கு போட்டு பாத்துருவோம், ஸ்கூல் கணக்கு தான். ரஷ்யாவோட புது அர்க்டிகா கப்பல் 34 மீட்டர் அகலம், உள்ள ரெண்டு அணு உலை, ஒவ்வொண்ணும் 175 மெகாவாட் வெப்பம் குடுக்கும், மொத்தம் 350. கிட்டத்தட்ட 2.8 மீட்டர் தடிமன் ஐஸ்ல நிக்காம போற மாதிரி டிசைன் பண்ணியிருக்காங்க. கப்பல் ஒரே ஒரு மீட்டர் முன்னாடி போகணும்னா அது வழில இருக்கற ஐஸ் 34 பெருக்கல் 2.8, அதாவது சுமார் 95 கன மீட்டர், எடை 86 டன் வரும். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேணும்னு படிச்சிருப்போம்ல, அத வச்சு பாத்தா ரெண்டு உலையோட மொத்த சூட்டையும் ஒரு துளி வீணாக்காம ஐஸ் மேலயே கொட்டினா கூட ஒரு மீட்டர் போக 82 செகண்ட் ஆகும். ஒரு கிலோமீட்டருக்கு 23 மணி நேரம்! கடல் ஐஸ்ல உப்புத்தண்ணி கலந்திருக்கும், அதனால கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், ஆனா கதை மாறாது. நிஜத்துல அந்த கப்பல் அந்த தடிமன்ல 1.5 லேர்ந்து 2 நாட் (மணிக்கு சுமார் 3 கிலோமீட்டர்) வேகத்துல போகும், ஒரு கிலோமீட்டர 20 நிமிஷத்துல தாண்டிடும். அதுவும் புரொப்பல்லருக்கு போறது 60 மெகாவாட் தான்.

அப்போ எங்கயோ பெரிய மிச்சம் பிடிக்கறாங்க இல்லயா, அது எங்கன்னு தான் கேக்கணும்.

நான் சிவில் இன்ஜினியர், அதனால எனக்கு இது புரிஞ்ச விதத்துலயே சொல்றேன். ஒரு சாக்பீஸ எடுத்து ரெண்டு முனையையும் விரலுக்கு நடுவுல வச்சு நேரா அமுக்கி பாருங்க, விரல் தான் வலிக்கும். அதே சாக்பீஸ லேசா வளைங்க, டக்குனு உடஞ்சிரும். ஐஸும் அதே ஜாதி. அமுக்கினா நல்லா தாங்கும், இழுத்தா தாங்காது, ஏன்னா உள்ள கண்ணுக்கு தெரியாத விரிசலும் உப்புத்தண்ணி குமிழும் நிறைய இருக்கு, அமுக்கும்போது விரிசல் மூடிக்கும், இழுக்கும்போது வாயை பொளந்துக்கும். வளைக்கறதுனா என்ன, ஒரு பக்கத்த அமுக்கி இன்னொரு பக்கத்த இழுக்கறது தான, அந்த இழுபடற பக்கத்துல ஆரம்பிச்சு முழுசா போயிரும். கான்கிரீட்டுக்கும் இதே குணம். அதனால தான் கான்கிரீட்ல எந்த பக்கம் இழுபடுமோ அந்த பக்கம் கம்பி கட்றோம்.

இப்போ வீட்டு ஜன்னல் மேல நீட்டிட்டு இருக்கற சன்ஷேட நினைச்சுக்கோங்க. ஒரு பக்கம் சுவத்துல பிடிச்சிருக்கு, இன்னொரு பக்கம் அந்தரத்துல. நுனில ஒரு ஆள் ஏறி நின்னா எங்க இழுபடும்? மேல் பக்கம். அதான் சன்ஷேட்ல கம்பி மேல இருக்கணும்னு எந்த மேஸ்திரிய கேட்டாலும் சொல்வார். நான் வேலைக்கு சேர்ந்த புதுசுல ஒரு சைட்ல கம்பிய அடில கட்டி கான்கிரீட் போட்டுட்டாங்க, கட்டும்போது மேல தான் இருந்துச்சாம், கான்கிரீட் கொட்டறவங்க மிதிச்சு மிதிச்சு கீழ இறங்கிருச்சு, நானும் சரியா பாக்கல. சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகற வரைக்கும் அடில தாங்கற பலகையும் முட்டும்) பிரிச்ச அன்னிக்கே சுவர் ஓரத்துல மேல் பக்கம் நீளமா கோடு விழுந்து அப்படியே மடங்கி தொங்கிருச்சு. நல்ல வேளை கீழ யாரும் இல்ல. அந்த கோடு விழுந்தத என்னால மறக்க முடியாது. ஐஸ்பிரேக்கர், அதாவது ஐஸ் உடைக்கற கப்பல், உறைஞ்ச கடல்ல பண்றது அச்சு அசல் அதே தான், கம்பியே இல்லாத ஒரு பெரிய சன்ஷேடோட நுனில ஏறி நிக்குது.

அதுக்காக தான் கப்பலோட மூக்கு கத்தி மாதிரி இல்லாம கரண்டி மாதிரி இருக்கு. தண்ணி மட்டத்துல சுமார் 20, 25 டிகிரி சாய்வு தான், படகு கரை ஏறற மாதிரி ஐஸோட விளிம்பு மேல ஏறும். இந்த சாய்வு வெறும் ஏறறதுக்கு மட்டும் இல்ல, பலத்த பெருக்கியும் குடுக்கும். 20 டிகிரில கப்பல் முன்னாடி 100 டன் தள்ளுச்சுன்னா, உராய்வே இல்லன்னு வச்சுக்கிட்டா, ஐஸ் மேல கீழ் நோக்கி சுமார் 270 டன் விழும். விளிம்பு கீழ இறங்குது, மேல் பக்கம் இழுபடுது, விளிம்புலேர்ந்து சில மீட்டர் உள்ள தள்ளி பிறை மாதிரி வளைஞ்சு ஒரு விரிசல் ஓடுது, ஒரு பெரிய துண்டு அப்படியே கழண்டு, கவுந்து, கப்பல் அடில வழுக்கிட்டு போகுது. உடனே அடுத்த விளிம்பு. வீடியோவ நிறுத்தி நிறுத்தி பாத்தீங்கன்னா அந்த பிறை வடிவம் தெளிவா தெரியும், நான் அதுக்காகவே பத்து தடவை பாத்தேன்.

சன்ஷேடுக்கும் இதுக்கும் ஒரே வித்தியாசம், ஐஸுக்கு அடில தண்ணி இருக்கு. தண்ணி தான் அதுக்கு முட்டு. நாம சென்ட்ரிங் பிரிக்காம எவ்வளவு ஏறி நின்னாலும் ஸ்லாப் உடையாது இல்ல, அந்த மாதிரி தண்ணியும் கொஞ்சம் தாங்கி பிடிக்குது. அந்த முட்டும் போயிட்டா? இத ஒரு விஞ்ஞானி உக்காந்து கண்டுபிடிக்கல, அமெரிக்காவுல பெரிய ஏரி பக்கம் கப்பல் ஓட்டறவங்க கவனிச்சது. ஐஸ்ல முன்னாடி போகறத விட ரிவர்ஸ்ல போனா சுலபமா உடையுதுன்னு. பின்னாடி இருக்கற புரொப்பல்லர் ஐஸுக்கு அடில இருக்கற தண்ணிய உறிஞ்சி எடுத்துருது, முட்டு போச்சு, ஐஸ் தன் எடையிலயே தொங்குது, போதாததுக்கு அந்த தண்ணி கப்பல் உடம்ப கழுவி வழுக்கலாக்குது. 1888ல மிச்சிகன் ஏரியும் ஹூரான் ஏரியும் சேர்ற ஜலசந்தில ஓடின செயின்ட் இக்னஸ்ங்கற ஃபெர்ரிக்கு முன்னாடியும் ஒரு புரொப்பல்லர் வச்சாங்க. நூறு வருஷம் கழிச்சு ஃபின்லாந்துக்காரங்க இத ஒரு படி மேல கொண்டு போனாங்க, கப்பலுக்கு அடில மோட்டாரோட சேந்து முழு வட்டமா திரும்பற அசிபாட்னு ஒண்ணு, அத வச்சு சாதா கடல்ல முன்பக்கமா போ, கெட்டி ஐஸ் வந்தா திரும்பி பின்பக்கமா உடைச்சுட்டு போ. 2002ல வந்த டெம்பெராங்கற எண்ணெய் கப்பல் தான் இப்படி வேலை செஞ்ச முதல் டேங்கர். 2019ல சீனா சேவைக்கு கொண்டு வந்த சூலாங் 2 ஆராய்ச்சி கப்பலும் ரெண்டு பக்கமும் உடைக்கும்.

உராய்வே இல்லன்னா 270னு சொன்னேன்ல, அங்க தான் நிஜ வாழ்க்கை வருது. உராய்வு கெழு (எவ்வளவு உரசி பிடிக்குதுன்னு சொல்ற எண்) 0.1 இருந்தா அந்த 270 வந்து 210க்கு கிட்ட இறங்கிடும், 0.2 ஆனா 165. பனி விழுந்து மூடின ஐஸ் இதுல ரொம்ப மோசம், மணல்ல சைக்கிள் ஓட்டற மாதிரி பிடிச்சு இழுக்கும். அதனால ஜப்பானோட ஷிராசே கப்பல் மூக்குலேர்ந்து தண்ணிய பீச்சி அடிச்சு பனிய நனைச்சுட்டு போகும், சில கப்பல்ல உடம்பு அடிலேர்ந்து காத்து குமிழி விடுவாங்க, ஐஸ் உரசற இடத்துல துருப்பிடிக்காத எஃகு பட்டையோ வழவழப்பான தனி பெயின்டோ இருக்கும். தடிமன் விஷயமும் ஸ்லாப் மாதிரியே தான், ரெண்டு மடங்கு தடிமன்னா உடைக்க நாலு மடங்கு பலம்.

இதையும் மீறி மாட்டிக்கும். காத்து அடிச்சு ஐஸ் பாளம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மேடு கட்டிரும், தண்ணிக்கு அடிலயும் ஆழமா இறங்கியிருக்கும், அப்போ பின்னாடி வந்து வேகமா மோதி, திரும்ப பின்னாடி வந்து மோதி தான் போகணும். நடுவுல ஏறி உக்காந்துட்டா கப்பலுக்குள்ள ரெண்டு பக்கமும் இருக்கற டேங்க்ல தண்ணிய மாத்தி மாத்தி பம்ப் பண்ணி கப்பலையே தொட்டில் மாதிரி ஆட்டி கழட்டுவாங்க. 2013 டிசம்பர் 24 அன்னிக்கு அகாடமிக் ஷோகால்ஸ்கிங்கற ரஷ்ய கப்பல் அண்டார்டிகால மாட்டிச்சு, காப்பாத்த போன சீனாவோட பழைய சூலாங்கே ஐஸ்ல சிக்கிருச்சு, அதோட ஹெலிகாப்டர்ல தான் 52 பேர தூக்கி ஆஸ்திரேலியாவோட அரோரா ஆஸ்ட்ராலிஸ் கப்பல் கிட்ட கொண்டு போய் சேத்தாங்க. கடைசில காத்து திசை மாறினப்போ ரெண்டும் தானா வெளிய வந்துச்சு.

வரலாறு சுருக்கமா. 1864ல ரஷ்யாவுல க்ரோன்ஷ்டாட் துறைமுகத்துல மிகயில் பிரிட்னேவ்ங்கற வியாபாரி தன்னோட பைலட்ங்கற சின்ன நீராவி படகோட மூக்க 20 டிகிரிக்கு சரிச்சு வெட்டினார், சீசன்ல கூடுதலா சில வாரம் ஓட்ட முடிஞ்சது. 1871ல ஹாம்பர்க்லயும் அதே மாதிரி கட்டினாங்க. அப்புறம் ரஷ்ய கடற்படை அட்மிரல் மக்காரோவ் யோசனைல இங்கிலாந்துல நியூகாஸில்ல கட்டின யெர்மாக், 1898. ஆர்டிக் ஐஸுக்குன்னு செஞ்ச முதல் கப்பல், 1960கள் வரைக்கும் உழைச்சது. 1959ல லெனின், உலகத்தோட முதல் அணுசக்தி ஐஸ்பிரேக்கர், இப்போ மூர்மன்ஸ்க்ல மியூசியமா நிக்குது. 1977 ஆகஸ்ட் 17ல பழைய அர்க்டிகா வட துருவத்தையே தொட்டுச்சு, தண்ணி மேல போற கப்பல்ல அது தான் முதல்.

இன்னிக்கும் அணுசக்தி ஐஸ்பிரேக்கர் ரஷ்யாகிட்ட மட்டும் தான் இருக்கு. அவங்க வடக்கு கடற்கரை முழுக்க உறைஞ்சு கிடக்கும், அங்க கேஸும் நிக்கலும் எடுக்கறாங்க, நடுக்கடல்ல டீசல் போட பங்க் கிடையாது, அதனால வருஷக்கணக்குல எரிபொருள் மாத்தாம ஓடற உலை அவங்களுக்கு கட்டுப்படியாகுது. ஆனா பழைய அர்க்டிகா வகை கப்பல் அண்டார்டிகாவுக்கு போகவே முடியாது, ஏன் தெரியுமா, உலைய குளிர வைக்க ஜில்லுனு கடல் தண்ணி வேணும், நடுவுல வெப்ப மண்டல கடல தாண்டணுமே! ஃபின்லாந்து கதை வேற. குளிர் ஜாஸ்தியான வருஷத்துல அவங்க துறைமுகம் எல்லாமே உறையும், கப்பல் வரலன்னா கடைல சாமான் இருக்காது, அதனால ஐஸ்பிரேக்கர் அவங்களுக்கு நம்ம ஊர் மின்வாரியம் மாதிரி அன்றாட சேவை. உலகத்துல ஓடற ஐஸ்பிரேக்கர்ல பெரும்பாலானதுக்கு டிசைன் அங்கேர்ந்து தான். அவ்வளவு பணக்கார அமெரிக்கா, அண்டார்டிகாவுல இருக்கற தன்னோட மெக்மர்டோ ஆராய்ச்சி ஸ்டேஷனுக்கு வழி வெட்ட 1976ல வந்த போலார் ஸ்டார தான் நம்பியிருக்கு, ஓடாம நிக்கற ஜோடி கப்பல் போலார் சீலேர்ந்து ஸ்பேர் பார்ட்ஸ் கழட்டி மாட்டி ஓட்டறாங்க. 2024ல தான் கனடாவோடயும் ஃபின்லாந்தோடயும் சேந்து கட்ட ஒப்பந்தம் போட்டாங்க. இந்த கப்பல் கட்டற கைத்திறமைய நடுவுல விட்டுட்டா திரும்ப பிடிக்க எவ்வளவு கஷ்டம்னு இதுல தெரியுது.

நம்ம நாட்டுக்கு வரேன், இங்க எனக்கு நிஜமாவே ஆதங்கம். 1981 டிசம்பர்ல கோவாலேர்ந்து கடல் விஞ்ஞானி காசிம் தலைமைல முதல் இந்திய குழு அண்டார்டிகா கிளம்பினது போலார் சர்க்கிள்ங்கற நார்வே வாடகை கப்பல்ல. இன்னிக்கு அங்க மைத்ரி, பாரதினு ரெண்டு ஸ்டேஷன் வச்சிருக்கோம், ஆனா போறதுக்கு இன்னும் வாடகை கப்பல் தான். சொந்தமா ஒரு துருவ ஆராய்ச்சி கப்பல் வாங்க 2014ல அமைச்சரவை ஆயிரம் கோடிக்கு மேல ஒதுக்க ஒப்புதல் குடுத்தது, கப்பல் வரல. 2025 ஜூன்ல கொல்கத்தா ஜிஆர்எஸ்இ கப்பல் கட்டும் நிறுவனம் நார்வேயோட காங்ஸ்பெர்க் கூட புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டிருக்கு, இந்த தடவையாவது நடக்கணும். வெயில் ஊர்க்காரனுக்கு ஐஸ் கப்பல் எதுக்குன்னு கேக்கறவங்க இருக்காங்க. அண்டார்டிகா நிலத்து மேல இருக்கற ஐஸ் உருகினா கடல் ஏறறது சென்னைலயும் நாகப்பட்டினத்துலயும் தாங்க, அத அளக்க நாமளே போகணும். அண்டார்டிகாவ சுத்தி சுவர் இருக்கு, யாரையும் உள்ள விடமாட்டாங்கன்னு ஃபார்வேர்ட் பண்றவங்களுக்கும் சேத்து சொல்றேன், நம்ம ஆட்கள் நாப்பது வருஷத்துக்கு மேல போயிட்டு வந்துட்டு இருக்காங்க, படிச்ச பிள்ளைங்க கைக்கு இந்த பொய் போறது எனக்கு கோவமா வருது.

பையன் கடைசியா ஒண்ணு கேட்டான், கப்பல் போன பின்னாடி அந்த வழி திறந்தே இருக்குமான்னு. இருக்காது. உடஞ்ச துண்டு எல்லாம் வழியிலயே மிதக்கும், துண்டுக்கு நடுவுல இருக்கற தண்ணி குளிர் காத்து நேரா பட்டு திரும்ப உறையும், அடுத்த கப்பல் வந்து மறுபடி உடைக்கும், மறுபடி உறையும். ஒவ்வொரு தடவையும் புது ஐஸ் சேந்துக்கிட்டே போய் கொஞ்ச நாள்ல அந்த வழி பக்கத்துல தொடாம கிடக்கற ஐஸ விட தடிமனாயிரும். அதனால பால்டிக் கடல்ல சில சமயம் பழைய வழிய அப்படியே விட்டுட்டு பக்கத்துலயே புதுசா ஒண்ணு உடைச்சுக்கிட்டு போவாங்க.