வேருக்கு ஏது மூக்கு?

ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காட்டுக்குப் போய்வந்த பரமக்குடி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "சேற்றில் ஆணி அடித்து வைத்ததுபோல் ஆயிரக்கணக்கில் குச்சிகள் நிற்கின்றன. படகோட்டி அவற்றை மூச்சு விடும் வேர் என்றார். வேருக்கு ஏது மூக்கு? இறங்கி நடந்தபோது இரண்டை மிதித்து முறித்துவிட்டேன். மரம் பட்டுப்போகுமா?"

காடு பார்க்க வேண்டுமென்றால் முதுமலைக்கும் டாப்சிலிப்புக்கும் பஸ் ஏறுகிறவர்கள் நாம். ராமநாதபுரம் என்றதும் சீமைக்கருவேலும் வெயிலும்தான் நினைவுக்கு வரும். 21 தீவுகள் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986 முதல் இங்கேதான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான தீவுகளில் இறங்க அனுமதியில்லை. காரங்காடு அந்தப் பூங்காவைச் சேர்ந்ததல்ல. பாக் விரிகுடாப் பக்கம், தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையில் உள்ள மீனவர் ஊர். மலையேற்றத்துக்குப் பதில் துடுப்புப் போட்டுச் சுற்ற வேண்டிய, கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடு.

படகை விட்டு இறங்கியவருக்குச் சேற்றின் குணம் தெரிந்திருக்கும். கால் முழங்கால்வரை போகும். இழுத்தால் கால் மட்டும் வரும், செருப்பு வராது. கிளறிய இடத்தில் கரிய சேறும் அழுகிய முட்டை நாற்றமும் எழும். அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. மேல்தோலுக்குச் சற்றுக் கீழேயே ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. வேரும் உயிருள்ள திசுதான். அதற்கும் ஆக்சிஜன் வேண்டும். தோட்டத்துச் செடிக்கு மண் இடுக்கில் காற்று கிடைக்கிறது. இந்தச் சேற்றில் இடுக்கெல்லாம் தண்ணீர்.

இங்கே மிகுதியாக நிற்பது வெண்கண்டல் மரம். அதன் வேர்கள் ஆழம் தேடுவதில்லை. கேபிள் புதைத்ததுபோல் மேலாகக் கிடையாக ஓடுகின்றன. அவற்றிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு வானம் பார்த்து முளைப்பவைதான் அந்த ஆணிகள். உற்றுப் பார்த்தால் மேலெல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பட்டைத்துளைகள் தெரியும். உள்ளே பஞ்சு போன்ற காற்றறைத் திசு. துளை வழியே காற்று போகிறது என்பதோடு பாடப்புத்தகம் நிறுத்திக்கொள்ளும். எனக்கு ருசிப்பது அதற்கு அடுத்த கேள்வி: ஓதம் ஏறி, அதாவது கடல்மட்டம் உயர்ந்து, ஆணி முழுக்க மூழ்கும்போது என்ன ஆகிறது?

துளைக்குள் தண்ணீர் புகுவதில்லை. துளைகள் மிக நுண்ணியவை. தாமரை இலைபோல் நீர் ஒட்டாதவையும்கூட. எனவே வேர் இப்போது மூடிய பாட்டில். அகப்பட்ட காற்றிலுள்ள ஆக்சிஜனை வேரின் செல்கள் செலவழித்துக்கொண்டே இருக்கின்றன. பதிலுக்குக் கார்பன் டை ஆக்சைடு வருகிறதே, கணக்கு நேராகிவிடாதா? ஆகாது. கார்பன் டை ஆக்சைடு ஆக்சிஜனைவிட 25 மடங்குக்கும் மேல் தண்ணீரில் கரையும். அது சுற்றியுள்ள ஈரத்தில் கரைந்து நழுவிவிடுகிறது. உள்ளே வாயு குறையக் குறைய அழுத்தம் இறங்குகிறது. ஓதம் வடிந்து ஆணியின் தலை வெளியே தெரிந்ததும், வெளிக்காற்று துளைகள் வழியே உள்ளே உறிஞ்சப்படுகிறது. மார்பு விரியவில்லை, தசை அசையவில்லை, மரம் ஒரு மூச்சு இழுத்துவிட்டது!

தட்டுத் தண்ணீரில் எரியும் மெழுகுவர்த்தியின்மேல் டம்ளரைக் கவிழ்க்கும் பள்ளிச் சோதனை நினைவிருக்கிறதா? ஆக்சிஜன் தீர்ந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறுகிறது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தவறு. அங்கே முக்கியக் காரணம், சூடேறிய காற்று குளிர்ந்து சுருங்குவது. அந்தப் பாடம் டம்ளரில் நடப்பதாகச் சொல்வது, கண்டல் வேரில் மெய்யாகவே நடக்கிறது. ஆசிரியர்கள் பிள்ளைகளைக் காரங்காட்டுக்குக் கூட்டிப்போய் இதை விளக்கலாம்.

பெர் ஷோலாண்டர் என்ற உடலியங்கியலாளர் தம் கூட்டாளிகளோடு 1955இல் இதையெல்லாம் அளந்து வெளியிட்டார். சுரபுன்னை என்ற இன்னோர் அலையாத்தி மரத்தின் முட்டு வேர்த் துளைகளைக் கிரீஸ் தடவி அடைத்தார்கள். சேற்றுக்குள் இருக்கும் வேர்ப்பகுதியில் 15 முதல் 18 சதவீதமாக இருந்த ஆக்சிஜன், இரண்டே நாளில் 2 சதவீதத்துக்கு வந்துவிட்டது. கொஞ்சம் கிரீஸ், கொஞ்சம் பொறுமை, இத்தகைய ஆய்வுக்கு நம் ஊர்க் கல்லூரிகளில் பணம் கேட்டால் "இதனால் என்ன பயன்?" என்று கேட்பார்கள்.

பயன் இருக்கிறது. பாக் விரிகுடாவில் ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட இல்லை. சாண் உயர ஆணிக்கு அதுவே போதும். ஆனால் ஒரு வரப்போ சாலையோ குறுக்கே விழுந்து தண்ணீர் வடியாமல் தேங்கினால், ஆணியின் தலை வெளியே வராது, அடுத்த மூச்சும் கிடையாது. அப்படித் தேங்கிய இடத்தில் கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வது எனக்குப் பொறுக்காது. பிச்சாவரத்தில் பட்டுப்போன பகுதிகளில் முதலில் மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டி நீரோட்டத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள், பிறகுதான் கன்று. அந்த வரிசையில் பணம் செலவாகட்டும்.

நீங்கள் முறித்த இரண்டுக்காக மரம் பட்டுப்போகாது. ஆளுயரத்தைக் கொஞ்சம் தாண்டிய வெண்கண்டலுக்கே பத்தாயிரத்துக்கு மேல் ஆணிகள் இருக்கும். ஆனால் உங்களுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடமே இறங்கி நடந்தால் கணக்கு வேறு. அடுத்த முறை படகிலேயே இருங்கள், செருப்பும் மிஞ்சும்.